சாயாக்கடைக்கு ஒரு மந்திரவாதி

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் நாற்றம் ஒருமுறை துணியில் ஏறிவிட்டால் எத்தனை அலசினாலும் போகாது, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொள்வாள். என் இளம்பருவம் என்று எதையாவது நினைத்தால் முதலில் வருவது அந்த நாற்றம்தான். மழை பிடித்து ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுபோன ஒரு ஆனி மாதம், பாறசாலைக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் காலிப் புகைப்புரைக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் மூன்றுபேர் ஒரு உலகத்தை உண்டாக்கினோம்.

ஷீபாக்கா பெரியப்பாவின் மகள். நெய்யாற்றின்கரையில் காலேஜுக்குப் போய் படித்ததைவிட அதிகமாக இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தாள். ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். “குகைக்குள்ளே வந்தாச்சு, என்ன தெரியுது?” என்று ஷீபாக்கா கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு தெரிவதைச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும், சந்தேகம் வந்தால் மட்டும் பாம்புக்கட்டத்துப் பகடையை உருட்டுவோம். நான் திருடி. ஜெஸ்டின் மந்திரவாதி.

ஜெஸ்டின் என் வகுப்புக்காரன், கடற்கரைப் பையன். அவன் அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். கண்ணை மூடினால் போதும், குகையின் ஈரச்சுவர் முதல் மூலையில் கிடக்கும் எலும்புவரை பார்த்ததுபோலச் சொல்லிவிடுவான். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த உலகத்தில் மந்திரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. எல்லா ஊரிலும் வேண்டும், சாயாக்கடைக்கு ஒரு மந்திரவாதி வேண்டும் என்பது ஜெஸ்டினின் கட்சி. அவனைக் குறை சொல்ல முடியாது. உதியன்குளங்கரையில் பஸ் ஏறி பனச்சமூட்டில் இறங்குவதற்குள் கயிறு ஓதிக் கட்டுகிறவர், தகடு எழுதுகிறவர், கண்ணேறுக்கு எண்ணெய் கொடுக்கிறவர் என்று எத்தனை பலகைகள். அமரவிளை எல்லைச் செக்போஸ்டில் கோழி வண்டியை நிறுத்துவார்கள், மந்திரவாதியை யாரும் நிறுத்தியதில்லை.

“செத்தவன எழுப்பற மந்திரமும் எல்லா ஊருலயும் உண்டுமாக்கா?” என்று ஒருநாள் கேட்டான்.

ஷீபாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது மட்டும் கிடையாதுலே. அப்படி ஒண்ணு உண்டுன்னு வையி, ஒருத்தனும் பிணத்த அடக்கமாட்டான். எல்லாவனும் வாசல்லயே காத்துக் கிடப்பான். பின்னே அது ஒரு ஊராக்கும்?”

பகடையைக் கூட உருட்டாமல் அன்றைக்கு ஆட்டத்தை முடித்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் ஜெஸ்டினின் அப்பா போன படகு திரும்பவில்லை. புயல் அடங்கியபின் சில படகுகள் ஒதுங்கின, சில உடல்கள் வந்தன, அவர் வரவில்லை. உடல் இல்லாமல் போனால் போட்டோவை வைத்துப் பூசை நடத்துவது கடற்கரையில் வழக்கம். பங்குச்சாமியாரான அச்சன் வீடுதேடி வந்து சொல்லியும் ஜெஸ்டினின் அம்மா சம்மதிக்கவில்லை. அச்சனுக்குத் தெரியாமல் மகனைக் கூட்டிக்கொண்டு பனச்சமூட்டில் மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் போனாள். காணாமல்போன ஆளைத் தேட வெற்றிலையில் மையைத் தடவி விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியாதாம், பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

நடந்ததை ஜெஸ்டின் புகைப்புரையில் வைத்து எங்களிடம் சொன்னான். “மையிலே ஒண்ணும் இல்லக்கா, கறுப்புதான். அந்த ஆளு, என்ன தெரியுதுன்னு கேட்டாரு. நீ கேக்கது போலவே கேட்டாரு. அம்மை என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. நான் சொல்லிட்டேன்.”

ஒரு தீவு, சாய்ந்த தென்னை, காலில் கட்டுப்போட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அப்பா. நீலச் சட்டை என்றுகூடச் சொல்லியிருக்கிறான்.

இப்போதே போய் உள்ளதைச் சொல் என்று ஷீபாக்கா அவனைப் பஸ் ஏற்றி அனுப்பினாள். மறுநாள் அவன் கன்னம் வீங்கியிருந்தது. பிள்ளை பின்னால் பயந்துபோய் இல்லை என்று சாதிக்கும், அதைக் கேட்காதீர்கள் என்று மைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம். எனக்கு அந்த மனிதர்மேல் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

“இனி மந்திரம் வேண்டாம்க்கா,” என்றான் ஜெஸ்டின். “ஒரு ஊருலயும் வேண்டாம்.” அந்த உலகத்துக்குள் நாங்கள் அதற்கப்புறம் போகவே இல்லை.

அவன் அம்மா காத்திருந்தாள். கழுத்து மின்னுத் தாலியைக் கழற்றவில்லை. புருஷனின் செல்போன் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக்கூடாது என்று மாதந்தவறாமல் ரீசார்ஜ் செய்தாள். கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொல்லும். அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு நாளும் படுப்பாள். என்னை வழியில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, “அணைச்சுதான் வச்சிருக்காரு மக்களே, சார்ஜ் இருக்காதுல்லா,” என்பாள்.

இப்போது நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் சிலர் சனிக்கிழமைகளில் இதே விளையாட்டை விதவிதமான பகடைகளோடு ஆடுகிறார்கள். மந்திரம் எங்கும் இருக்க வேண்டுமா, அபூர்வமாக இருக்க வேண்டுமா என்று அவர்கள் காபி ஆறும்வரை வாதாடும்போது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். பெரியப்பா வீட்டில் இப்போது ரப்பர் பாலாகவே விற்றுவிடுகிறார்கள். புகைப்புரையை இடித்துக் கார் நிறுத்த ஷெட் போட்டாயிற்று. ஷீபாக்கா வெளிநாட்டில் இருக்கிறாள்.

போன மழையில் ஜெஸ்டினின் அம்மா இறந்துபோனாள். ஒரே பூசையில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லவைத்தான் ஜெஸ்டின். அப்பாவின் இன்னொரு நீலச் சட்டையை மடித்து அவளுடைய சவப்பெட்டிக்குள் வைத்தான். இனியாவது அவன் மனது ஆறும் என்று நினைத்துக்கொண்டு திருவனந்தபுரம் திரும்பினேன்.

மாதக் கடைசியில் அவனைப் போனில் கூப்பிட்டேன். வேலை, மழை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சொன்னான்.

“அப்பன் நம்பருக்கு இன்னைக்குத்தான் ரீசார்ஜ் பண்ணினேன், கேட்டியா.”