ஐந்தாவது உச்சிக்கு எடுத்த கற்பூரம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. சென்ற ஆண்டு, பக்கத்துத் தெருவில் தறி நெய்யும் என் நண்பர் சம்பந்தத்துடன் ஐந்து உச்சிகள் கொண்ட ஒரு மலைக்குப் போனேன். உச்சிக்கு ஒன்றாக ஐந்து கற்பூரம் எடுத்துக்கொண்டேன். சாமிக்கென்று எடுத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் வழக்கமில்லை.

நான்காவது உச்சியில் சம்பந்தம் உட்கார்ந்துவிட்டார். "முட்டி நடுங்குதுபா. அஞ்சாவதையும் இங்கயே கொளுத்திடு, சாமி கோவிச்சுக்காது."

"இன்னும் முந்நூறு அடிதான், எழுந்திரு" என்று விரட்டினேன்.

இருபுறமும் பள்ளமான பாறை முகட்டில் தவழ்ந்து போனபோது அவர் கால் வழுக்கியது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சரிந்து, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினார். பின்னால் வந்த இருவர் அவரைத் தூக்கிவிட்டார்கள்.

என் வாயில் முதலில் வந்தது, "இன்னும் நூத்தியிருபது அடிதான் இருக்குது" என்பதுதான்.

"உசுரோட இருக்கியான்னு கேக்காம எண்ணிக்கினு இருக்கியேபா!" என்றார்.

கற்பூரத்தை அங்கேயே ஏற்றிவிட்டு இறங்கினோம்.

இப்போது மலைக்குப் போனால் எல்லோருக்கும் பின்னால்தான் நடக்கிறேன். யார் "போதும்" என்றாலும், மீதி எத்தனை என்று கேட்காமல் திரும்பிவிடுகிறேன். சம்பந்தத்தையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் வரவில்லை.