காலியிடத்தில் ஓர் அறை

வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பிளான் என்றால் கட்டப்போகிற வீடு அல்ல, அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் பிடித்த வீடு. பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தைத் தாராளமாக விட்டு, மழைநீர்க் குழியையும் தோண்டி, எல்லாவற்றையும் காகிதத்திலேயே முடித்துவிடுவேன். மனையைப் போய்ப் பார்க்கும் வழக்கமில்லை, பத்திரத்தில் உள்ள அளவு போதும். "பிளான் வேற, வீடு வேற. அப்ரூவல் வந்ததும் இஷ்டத்துக்குக் கட்டிக்கங்க" என்று சொல்லி அனுப்புவேன். அவர்களும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். ஊரில் பல சந்துகளில் காற்று வராததற்கு நானும் ஒரு காரணம்.

ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவனுக்குச் சொந்த வீடில்லை. ஆறாவது வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவி ரவிக்கை தைப்பவள். எந்த வீட்டிலும் அவள் மெஷினுக்கென்று ஓர் இடம் வாய்க்கவில்லை. கூடத்து மூலையில் கிடக்கும். விருந்தாளி வந்தால் வெட்டிய துணியெல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். ஒருமுறை கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கைக் கை அப்படிப் போய், முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் அகப்பட்டது. "எனக்குன்னு ஒரு ரூமு இருந்தாப் போதும், மத்தது எப்படியும் இருக்கட்டும்" என்பாள்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். அவள் சமையலறையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நேரே பக்கவாட்டு அறைக்குள் போய் நின்றுவிட்டாள். ஐந்தடி அகலம், இருபதடி நீளம். கண்டக்டர் கட்டியதாலோ என்னவோ பஸ் மாதிரியே இருந்தது. மேலே ஷீட்டு, கீழே பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். பக்கத்து மனை காலியாகக் கிடந்ததால் ஜன்னல் வழியே வெளிச்சம் கொட்டியது.

"மெஷின் இங்குட்டு, வெட்டுற பலகை அங்குட்டு," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வீடுதாங்க" என்றாள். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

வீட்டுப் பத்திரங்களைப் போட்டுக் கண்டக்டர் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் கவரை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். பிளானில் அந்த அறை இருந்த பக்கத்தில் 'காலியிடம்' என்று எழுதியிருந்தது. எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. கீழே என் முத்திரை, என் கையெழுத்து.

மறுநாள் காலை கண்டக்டரிடம் ஓடினேன். "ஏன் முன்னாலயே சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? நீங்கதான வரஞ்சு குடுத்தீக. இஷ்டத்துக்குக் கட்டிக்கங்கன்னு சொன்னதும் நீங்கதான," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. காப்பி வேறு கொடுத்தார்.

மனைவியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இருந்தேன். கடன் கொடுக்கிற வங்கியிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வீட்டைப் பார்க்க வந்தார். நாங்கள் இருவரும் கூடப் போனோம். அவர் ஒரு கையில் பிளானும் மறுகையில் அளக்கும் கருவியுமாக ஒவ்வோர் அறையாக வந்து, கடைசியில் அந்த அறைக்கு நடுவில் நின்றார். பிளானைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"இப்ப நான் எங்க சார் நிக்கிறேன்?"

"காலியிடத்துல," என்றேன்.

"சுத்திச் சுவர் இருக்கே?"

"அது தற்காலிக ஷெட்டு."

"தற்காலிக ஷெட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதிச்சிருக்காங்களா?"

அவர் பிளானின் அடியில் இருந்த கையெழுத்தையும், கடன் விண்ணப்பத்தில் நான் போட்டிருந்த கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

"ரெண்டும் நான்தான்."

"ஓ," என்றார். என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்த 'ஓ'வுக்கு எதுவும் ஈடாகாது. இந்த அறையை இடித்தால்தான் கடன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "ஊருல உள்ளவகளுக்கெல்லாம் இல்லாதத இருக்குன்னு வரஞ்சு குடுத்தீக. என் ரூமு கண்ணு முன்னால இருக்கு. அத இல்லைன்னு வரஞ்சு வச்சிருக்கீக."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு ஏதாவது பிளான் போட்டுப் பார்க்கலாமா என்று இழுத்தேன். "ஒங்க பிளானும் வேணாம் ஒண்ணும் வேணாம். இடிக்கச் சொல்லுங்க. ஏழாவது வாடக வீட்டுக்கு என்னால மெஷினத் தூக்க முடியாது," என்றாள்.

இடிப்பதற்குக் கொத்தனாருக்கு ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. பத்திரம் பதிந்து குடி வந்தோம். சொந்த வீட்டிலும் மெஷின் வெளிச்சமில்லாத கூடத்து மூலைக்கே வந்து சேர்ந்தது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் குறுகுறுத்தது.

ஆறு மாதம் கழித்து, மாடியில் ஓர் அறை எடுக்க பிளான் போட்டேன். தொழிலுக்கு வந்தபிறகு முதல்முறையாக டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு காலத்தில் வரைந்ததைவிட வீடு ஒரு பக்கம் முக்கால் அடி குறைவாக இருந்தது. மூன்று தடவை அளந்தோம். உள்ளதை உள்ளபடி வரைந்து, அறைக்குள் 'தையல் அறை' என்று எழுதி, ஆன்லைனில் ஏற்றிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பத்தாம் நாள் பிளான் திரும்பி வந்தது. அலுவலகத்துக்கு போன் போட்டேன்.

"தையல் அறைன்னா தொழில் நடக்குதுன்னு ஆயிரும் சார். கடை கணக்குல வரும். அதுக்கு உங்க ரோடு அகலம் பத்தாது," என்றார் அங்கிருந்தவர். "இத்தன வருஷமா வரையிறீங்க, இதுகூடவா தெரியாது? படுக்கையறைன்னு போடுங்க, உடனே வந்துரும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் ஆயுசில் ஒரே ஒரு உண்மையான பிளான், அதைப்போய்த் திருப்பிவிட்டார்கள். மேலதிகாரியைப் பார்த்து ஒரு கை பார்க்கிறேன் என்று குதித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க சண்ட போட்டு ஜெயிச்சு வாரதுக்குள்ள என் கண்ணு போயிரும். படுக்கையறைன்னே எழுதுங்க."

எழுதினேன். அறையும் வந்துவிட்டது. பிளானில் உள்ளபடி, ஓர் அங்குலம் பிசகாமல் நிற்கிறது. கல்யாண மாதங்களில் விடியற்காலையிலிருந்து தைத்துக்கொண்டே இருப்பாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட மாடி ஏறினால், சில நாள் வெட்டுற பலகை மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்துக்கு மட்டும் நான் எழுதிக் கொடுத்தது உண்மை. எழுப்ப மனம் வராமல் கீழே இறங்கி வந்துவிடுவேன்.