மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியவில்லை, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசை நம்பினவள் இல்லை நான். களையெடுப்பு முடிந்து சுடுகாட்டு வழியாக இருட்டில் தனியாக நடந்து வந்தவள். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றும் தெரியும், ஆனாலும் இதை உள்ளேயே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வண்டியூர்ப் பக்கம் ஒரு திட்டம் வந்தது. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் நிற்கக்கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். போலீசோடு எங்கள் மகளிர் குழுப் பெண்களும் ரோந்து போய், அகப்பட்ட பிள்ளைகளைச் சமுதாயக்கூடத்தில் உட்காரவைத்து பன்னும் டீயும் கொடுப்பார்கள். பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். நான் தனிக்கட்டை, தூக்கமும் குறைவு என்று கேட் சாவியையும் நோட்டையும் என்னிடம் கொடுத்தாள் குழுத் தலைவி சுந்தரி. நோட்டில் மூன்று கட்டம். பிள்ளை பெயர், நேரம், யார் கூட்டிவந்தது.

"ரோந்து ஆளுக கூட்டியாந்த பிள்ளைகளத்தான் உள்ள விடணும் பெரியம்மா. தானா வர்றத விட்டோம்னா, நம்மளப் பிள்ளை பிடிக்கிற கூட்டம்னு சொல்லிருவாக" என்று சுந்தரி சொல்லியிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு தகப்பன் வந்து என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிருந்தான். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. பிடித்து வந்தது ரெண்டே பையன்கள், அண்ணன் தம்பி. "ஏண்டா, ஊருக்கெல்லாம் மணி பத்து, ஒங்களுக்கு மட்டும் எட்டா?" என்று ஏசிக்கொண்டே அவர்கள் அப்பா கூட்டிப்போனார். ரோந்துக்காரர்களும் கிளம்பினார்கள். நான் கேட்டைப் பூட்டினேன். அப்போது ஒரு பெண்பிள்ளை, பதினாலு வயசு இருக்கும், புத்தகப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"அம்மாச்சி, நானும் உள்ள உக்காந்துக்கிறேன்."

"உன்னய யாரு கூட்டியாந்தா?"

"யாருமில்ல, நானாத்தான் வந்தேன்."

"மணி பதினொண்ணாச்சு ஆத்தா, வீட்டுக்குப் போ."

"அம்மா மில்லுல நைட்டு ஷிப்டு. வீட்டுல மாமா மட்டுந்தான் இருக்காரு. விடியிற வரைக்குந்தான் அம்மாச்சி. பன்னு கூட வேணாம்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சுந்தரி வீடு எதிர்ச் சந்து, கையில் போனும் இருந்தது. அவளை எழுப்பினால் சத்தம் போடுவாளே, என்ன சொல்லிப் பேசுவது என்று கூச்சம். "ரூல்சு இல்லத்தா" என்றேன். அந்தப் பிள்ளை பையைப் பிடித்தபடியே திரும்பிப் போனது. பிள்ளைகள் பத்திரமாக வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் திட்டம். திட்டப்படி வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

விளக்கை அணைத்து, பழைய சேலையை மடித்துத் தலைக்கு வைத்துக் கூடத்திலேயே படுத்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். கேட்டிலிருந்து "அம்மாச்சி" என்று கூப்பிட்டது. அதே குரல். ராத்திரியில் யாரும் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் குரல் கொடுக்கவேண்டும், அதற்குள் கூப்பிட்டது மனுஷராக இல்லாமல் வேற எதுவாகவும் இருக்கலாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை ஒருநாளும் மதித்தவள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் அது எனக்கு வசதியாக இருந்தது. "அம்மாச்சி" என்று ரெண்டாவது தடவையும் கேட்டது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்துக் கிடந்தேன். வரவில்லை. பால் வண்டிச் சத்தம் கேட்கும்வரை நான் கண்ணை மூடவும் இல்லை, எழுந்திரிக்கவும் இல்லை.

விடிகாலையில் சுந்தரி வந்தாள். பூட்டு போட்டபடியே இருந்தது, நான்தான் உள்ளேயிருந்து திறந்துவிட்டேன். அவள் விளக்கைப் போட்டாள். மேடைக்குக் கீழே அந்தப் பிள்ளை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. மேலே போர்த்தியிருந்தது என் சேலை, தலைக்கு வைத்துப் படுத்தேனே, அதே சேலை. நம்பினால் நம்புங்கள்.

சுந்தரி எழுப்பிக் கேட்டாள். "அம்மாச்சிதான் தொறந்துவிட்டாக. ரெண்டு தடவ கூப்பிட்டேன், வரல. மாமா வண்டி தெருமுக்குல திரும்புது, மூணாந்தடவ கூப்பிட்டேன் பாருங்க, ஓடியாந்து தொறந்துட்டாக" என்றது அந்தப் பிள்ளை.

முழங்கால் வலியில் நான் ஓடிப் பத்து வருஷமாகிறது.

"ரூல்ச மீறினாலும் நீங்க செஞ்சதுதான் சரி பெரியம்மா" என்று சுந்தரி கண் கலங்கிவிட்டாள். நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். பிரிக்காமல் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது.

பிள்ளையை அதிகாரிகள் விசாரித்து அவள் அம்மா சம்மதத்தோடு விடுதியில் சேர்த்தார்கள், நன்றாகப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். வாசலில் ஒரு தடவை கூப்பிட்டதுமே போய்விடுகிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு இந்தக் கை எம்புட்டுக் குளுந்து கிடந்துச்சு அம்மாச்சி" என்று சிரிப்பாள். உண்மை வாய் வரை வரும், வெளியே வராது.

தூக்கத்தில் நானே எழுந்து போயிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அன்றைக்குக் காலையில் நோட்டைப் புரட்டினேன். கடைசி வரியில் கார்த்திகா, பதினொண்ணே முக்கால் என்று இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவே இல்லை. கூட்டிவந்தது யார் என்ற கட்டத்தில் பேச்சியம்மாள் என்று என் பெயர், என்னுடைய கோணல் எழுத்தைப் போலவே.

நோட்டு தீர்ந்து ஆபீசுக்குப் போய்விட்டது. இது நடந்தது ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், புரட்டாசியாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது அதை எடுத்துப் பார்த்து, அது என் எழுத்துதானா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் என் பெயரை அடித்துவிடுங்கள்.