ஒற்றைக் கம்பக் கப்பல்

ஒரு கப்பல் என்னைக் கொல்வதற்கென்றே திசை திரும்பி வருகிறது என்று ஒரு சனிக்கிழமை காலையில் நான் முழுமனதாக நம்பினேன். சரக்குக் கப்பல் அல்ல, அயல்நாட்டு விமானந்தாங்கிக் கப்பல். அத்தனை விமானங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, எத்தனையோ கடல்களைத் தாண்டி வந்து, காசிமேட்டுக்கு எதிரே கட்டுமரத்தில் குந்தியிருக்கும் ஒரு குமாஸ்தாவை முட்டிக் கொல்ல அதற்கு என்ன அவசியம் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தில் மூட்டை எண்ணுவது என் வேலை. கப்பல் நல்லெண்ணப் பயணமாக வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். குப்பத்தில் அதை வாசித்துக் காட்டியவனே நான்தான். "மிதக்கிற மீனம்பாக்கம்னு வெச்சிக்கோங்க. ஊர்ல இருந்து கிளம்புனா ஏரோப்ளேன் எட்டாத தூரத்துக்கு, இது அதைத் தூக்கிகினு போயி பறக்க விடும். திரும்பி வந்தா எறக்கிக்கும்" என்று பெரிய நிபுணன் போல விளக்கினேன். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியான வருஷத்தில், இந்த மாதிரிக் கப்பலுக்குப் பயந்து ஒற்றைச் செருப்போடு காஞ்சிபுரம்வரை ஓடிப் போனவன் நான் என்பதைமட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு. அக்கா வீட்டுக்காரரோடு கட்டுமரத்தில் போனேன். மாமா புது வலை எடுத்து வந்திருந்தார். அக்கா ஆறு மாதம் உட்கார்ந்து பின்னிய நூல் வலை. பட்டைச் சாயம் போட்டு, அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்தது. இனி அந்த வீட்டில் உலை வைப்பது அதை நம்பித்தான்.

கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், வலையை விட்டு, அதன் கயிற்றைக் கட்டுமரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து அந்தக் கப்பல் வந்தது. தட்டையாக, சாம்பல் நிறத்தில், யாரோ மேல்பாதியைச் சீவி எடுத்துவிட்ட மாதிரி. நேராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது, திடீரென்று மூக்கைக் கரைப்பக்கம் திருப்பியது. நாங்கள் இருந்தது அந்தப் பக்கம்தான்.

எங்கள் கடலில் ஒரு கணக்கு உண்டு. கப்பலுக்கு இரண்டு கம்பம். இரண்டும் விலகித் தெரிந்தால் அது அதன் வழியில் போகிறது, நம் பீடியை நாம் பிடிக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரிந்தால் நம் தலைக்கு நேரே வருகிறது. நான் கம்பத்தைப் பார்த்தேன். ஒன்றுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றேதான்.

"மாமா, கம்பம் ஒண்ணாக் கீது."

"பொறு மச்சான், எவ்ளோ தூரத்துல கீது பாரு."

பொறுப்பதற்கு என் கை சம்மதிக்கவில்லை. கத்தி என் பக்கத்தில் இருந்தது. மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் வலைக் கயிற்றை அறுத்துவிட்டுத் துடுப்பை எடுத்துத் தெற்கே தள்ள ஆரம்பித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. அதிகாரி யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு குறை. மூச்சு வாங்கத் திரும்பியபோது வலையின் மிதப்புக் கட்டைகள் கண்ணில் இல்லை. மத்தியானம்வரை தேடினோம். நீரோட்டம் அதை வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மாமா திட்டவில்லை. கரை கிட்ட வந்ததும் ஒரு யோசனை சொன்னார். "கப்பலு அறுத்துகினு பூடுச்சுன்னு சொல்லிக்கலாம். நீ அறுத்தேன்னா உங்கக்கா ரெண்டு பேரையும் அறுப்பா."

கம்பம் ரெண்டும் ஒன்றாகி, கப்பல் நேரே வந்து அறுத்துக்கொண்டு போனதாக அக்காவிடம் சொன்னோம். அக்கா அழவில்லை. "நாளைக்கு ஏறிப் பாக்கலாம்னு நீதானே படிச்சே. நான் வரேன். வலைக்கு இன்னா பதில்னு கேக்கறேன்" என்றாள்.

மறுநாள் படகில் ஏறி, ஊர் ஜனத்தோடு வரிசையில் நின்று, அந்தத் தளத்தில் கால் வைத்தோம். கால்பந்து மைதானத்தை இரும்பில் அடித்துப் போட்டதுபோல இருந்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு விமானங்கள் ஓரமாக நின்றன. தரையில் ஒரு பாகம் விமானத்தோடு கீழே இறங்கிப் போனதைப் பார்த்து ராயபுரமே வாய் பிளந்தது. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒரு இளம் மாலுமியின் முன்னால் போய் நின்றாள்.

"கேளுடா. இன்னாத்துக்கு எங்க பக்கம் திரும்புனீங்கன்னு கேளு."

என் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டேன். வலை என்ற சொல் அதில் வராமல் பார்த்துக்கொண்டேன். அவன் விரலை எச்சில் தொட்டுக் காற்றில் பிடித்தான். பிறகு உள்ளங்கையைக் காற்றுக்கு எதிராக, விமானம் ஏறுவதுபோல மேலே தூக்கிக் காட்டி ஏதோ விளக்கினான்.

"காத்துக்கு எதுத்தாப்ல ஓடினாத்தான் ஏரோப்ளேன் ஏறுமாம் அக்கா. நேத்துக் காலையில கரைக்காத்து. அதான் கப்பல் கரைப்பக்கம் திரும்பிச்சாம்."

"காக்கா கூட அப்டித்தான் ஏறும். இதுக்கு இங்கிலீஷ் இன்னாத்துக்கு" என்றாள் அக்கா. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கி, கம்பம், மாலுமி அறை எல்லாம் ஒரே ஓரத்தில் ஒண்டியிருந்தன. "இன்னொரு கம்பம் எங்கே?"

கேட்டேன். விமானம் ஓடத் தளம் காலியாக இருக்க வேண்டும் என்பதால் எல்லாம் ஓரத்தில்தான், கம்பமும் ஒன்றுதான் என்று அவன் சொன்னதை மெதுவான குரலில் தமிழில் சொன்னேன்.

அக்கா கம்பத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமா ஒரு விமானத்தின் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்கப் போய்விட்டார்.

"ஒத்தக் கம்பம். எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணாத்தான் தெரியும். வலைய இன்னாடா பண்ணே?"

சொன்னேன். கப்பல் எங்கள் கிட்டே வரவே இல்லை. ஒரு மைல் தள்ளியே விமானங்களைப் பறக்கவிட்டு, மறுபடி தெற்கே திரும்பிப் போனது. கயிற்றை அறுத்தது நான்தான்.