சரளா அக்காவின் சூனியக்காரிகள்

உலகத்தில் இதுவரை குழந்தைகளைப் பயமுறுத்திய சூனியக்காரிகளில் பாதிப் பேரைச் செய்து அனுப்பியவர் ஜோகுபாளையம் சரளா அக்கா. மீதிப் பேர் அவரிடம் மூக்கை வாடகைக்கு எடுத்தவர்கள்.

பள்ளி ஆண்டுவிழா என்றால் தகரப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். கிரீடம், தாடி, வேடத்துணி எல்லாம் வாடகைக்கு, முகப்பூச்சும் அவரே. வெற்றிலை மென்றபடி பிள்ளையின் தாடையைப் பிடித்து, தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இளவரசிக்கு ரோஸ் பவுடரை அப்பித் தள்ளிவிடுவார்.

"அழகுக்கு என்னாடா வேலை இருக்கு? அசிங்கத்துக்குத்தான் கை வேணும். கதையில கெட்டவங்க எல்லாம் அசிங்கமா இருக்கணுமாம். நம்ம பொழப்பு அதுல ஓடுது."

மூக்கில் மரு ஒட்டியதும், அதற்குச் சூனியக்காரியையே பெயர் வைக்கச் சொல்வார். போன வருடம் ஒரு பள்ளியில் ஒட்டிய மருவின் பெயர் தேசிகன். அந்தப் பள்ளிக் கணக்கு வாத்தியார் பெயரும் அதுதான்.

ஒன்பதாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட நான், பெட்டி தூக்கும் சாக்கில் உள்ளே போய்ப் பிள்ளைகளின் சமோசாவைக் கவனித்துக்கொள்வேன்.

இந்த வருடம் ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளியில், வகுப்பிலேயே சிவப்பான பெண் இளவரசி. சூனியக்காரி ரூபினி. திரை தூக்கும் நேரத்தில் சிந்தியா மிஸ் எட்டிப் பார்த்தார்.

"சரளா, இவளுக்கு ஃபுல்லா கறுப்பு அடிச்சுடுங்க. அப்பதான் எஃபெக்ட்."

ரூபினி கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் ஏற்கெனவே கறுப்புதானே அக்கா. இன்னும் எதுக்கு?"

அக்காவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. இந்தப் பள்ளி கைவிட்டுப் போனால் வருடத்தில் பாதி வேலை போகும். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். வழக்கமான இடத்தில் கறுப்புச் சாய டப்பா இல்லை.

"என்ன சரளா, உங்களை நம்பித்தானே கூப்பிட்டோம்?" மிஸ்ஸின் குரல் ஏறியது.

பெட்டியின் அடியில் இன்னொரு புதுக் கறுப்பு டப்பா இருந்தது. எனக்கே அப்போதுதான் தெரியும். அக்கா ஒரு தாடியை இழுத்து அதன்மேல் போட்டார்.

"தீந்துபோச்சு மிஸ். பச்சைதான் இருக்கு."

வெளியே டேப்ரிக்கார்டரில் இசை ஆரம்பித்துவிட்டது. "அடுத்த வருஷம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு மிஸ் போனார்.

தவளைப் பச்சை முகத்தோடு ரூபினி மேடைக்கு ஓடினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அக்காவின் முகம் மலர்ந்தது.

நான் நழுவப் பார்த்தேன்.

"சும்னே நில்லுடா. டப்பா மூடியக்கூட ஒழுங்கா மூடத் தெரியல உனக்கு."

குனிந்து பார்த்தேன். என் பேன்ட் பாக்கெட்டிலிருந்து முழங்கால்வரை கறுப்பு ஊறியிருந்தது. அக்கா உதிரியாகக் கிடந்த ராஜா அங்கியை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கினார்.