பொது வாய்மொழித் தேர்வுக்கு ஆள் சேர்த்த எஸ்தர்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அத்திப்பட்டிலிருந்து டேவிட் அழைத்தான். எஸ்தரின் தம்பி. வகுப்பில் நான் கைபேசியை எடுப்பதில்லை. அந்த வாரம் மட்டும் மேசை மேலேயே வைத்திருந்தேன்.

"அக்கா பூட்சிக்கா," என்றான். "காலைல கஞ்சி கூட குடிச்சிச்சி. தூங்குதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தோம்."

கரும்பலகையில் பாதி வரைந்திருந்த கோட்டை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "எஸ்தர் மேடமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வகுப்பில் பலர் அழுதார்கள். எங்கள் பொருளியல் துறையில் பணிபுரிந்தவர்களில் எஸ்தருக்கு மட்டும்தான் அப்படி அழுவார்கள். எனக்கு அதில் பொறாமை உண்டு. அதை அவளிடமே சொல்லியும் இருக்கிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் அவளுடைய மாணவர்களாகவோ, எங்கள் துறையினராகவோ, கும்மிடிப்பூண்டி பக்கம் அவள் தேடி வந்து பேசிய பெண்களின் பிள்ளைகளாகவோ இருக்கக்கூடும். உங்களுக்கெல்லாம் அவள் மேடம். எனக்கு அவள் ரயில் சிநேகிதி. சென்னையில் முதுகலை சேர்ந்த புதிதில், கும்மிடிப்பூண்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் அவளைப் பார்த்தேன். நான் பொன்னேரியில் ஏறுவேன், அவள் அத்திப்பட்டில். என் கையில் இருந்த அதே நுண்ணியல் பொருளாதாரப் பாடப்புத்தகம் அவள் கையிலும் இருந்தது. ஆங்கிலச் சொற்களின் மேலெல்லாம் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். இளங்கலை வரை தமிழ்வழியில் படித்தவள்.

'இறுதிநிலைச் செலவு', அதாவது இன்னும் ஒன்றைச் சேர்த்தால் கூடும் செலவு, என்ற பாடம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஒருநாள் எண்ணூரில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியபோது அவள் என் காதருகே சொன்னாள்: "இந்தப் பொட்டில இன்னும் ஒரு ஆளு ஏறினா ரயில்வேக்கு இன்னா செலவு? ஒண்ணுமில்ல. ஆனா நமக்கு மூச்சு முட்டுது பாரு, அத யாரு கணக்குல எழுதறது?" அருகே நின்ற பூக்காரம்மா, "ஏம்மா, என்னையா சொல்ற?" என்று சண்டைக்கு வந்தார். எஸ்தர் தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாடம் எனக்கு மறந்ததில்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பொன்னேரியை அடுத்த ஆரணிப் பக்கம் நெல் கழனி உண்டு. அவளுடைய நைனா அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. "எங்க தாத்தா உங்க ஊரு பக்கம்தான் நடவுக்கு வருவாராம். உங்க கழனிலயே எறங்கினாரோ இன்னாவோ," என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்து, "துன்னு, ஆறிடப் போவுது," என்றாள். எங்கள் நட்பு அன்று உறுதியானது என்று நினைக்கிறேன்.

அந்த இட்லியைச் செய்தவர் அவளுடைய அம்மா. விடியுமுன்னே எழுந்து மின்நிலைய வாசலில் இட்லி விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எஸ்தரின் முனைவர் பட்டத்தையே அந்த இட்லி ஒருமுறை தலைகீழாக்கியது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பெண்கள் ஏன் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. பாதி வீடுகளை முடித்திருந்தாள். விளையாட்டாக ஒரு மாலையில் அம்மாவை உட்காரவைத்து அதே கேள்விகளைக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"இல்ல. ஊட்டுலதான் சும்மா கீறேன்."

"அம்மா! அப்ப இட்லி?"

"அது ஒரு வேலையா? ஊட்டு வேலையோட வேலையா நடக்குது."

நான் சிரித்துவிட்டேன். எஸ்தர் சிரிக்கவில்லை. அதுவரை "வேலைக்குப் போகவில்லை" என்று அவள் எழுதிக்கொண்டு வந்த பெண்களில் எத்தனை பேர் இப்படிச் சொன்னார்களோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மறுநாளே நெறியாளரிடம் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். அவளுடைய உதவித்தொகை முடியப்போகிறதே என்று கவலைப்பட்டார். "பல பெரிய ஆய்வுகளே அந்தக் கேள்வியை வைத்துத்தான் நடந்திருக்கின்றன, எஸ்தர். உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்," என்றார். "எனக்கே தெரிஞ்சிடுச்சே சார்," என்றாள்.

போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனாள். சனி, ஞாயிறுகளில் நானும் கூடப் போனேன். இந்த முறை "வேலைக்குப் போறீங்களா?" என்ற கேள்வியே இல்லை. "நேத்து எழுந்ததுலருந்து இன்னா இன்னா பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். வசந்தா என்ற பெண் முதல்முறை "சும்மாதான் கீறேன்" என்றவர். இப்போது பேசப் பேச, வீட்டு மூலையில் இருந்த சாக்குமூட்டை பேச்சில் வந்தது. கம்பெனியிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடிகளின் பிசிறை வெட்டிக் கொடுக்கும் வேலை. ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பப்பட்டவர் அதே கம்பெனியின் மூடிகளை இப்போது வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். எஸ்தர் கேட்டபடியே தரையில் அமர்ந்து தானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டாள். "விடு மேடம், கை பூடும்," என்றார் வசந்தா. பூடத்தான் செய்தது. கொப்புளத்தோடு ரயிலில் திரும்பினோம்.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு புற்றுநோய் என்று தெரிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தபோது சிகிச்சை பாதியில் இருந்தது. இணையவழியில் வைத்துக்கொள்ளலாம் என்று துறையில் சொன்னார்கள். அவள் ஒப்பவில்லை. அறிவிப்பை என்னிடம் காட்டினாள். "பொது வாய்மொழித் தேர்வுன்னு போட்டுக்கீறாங்க. அனைவரும் வருகன்னு போட்டுக்கீறாங்க. நான் போய் எல்லாரையும் கூப்டுட்டேனே!"

நம் ஊரில் அந்த அழைப்பை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. துறைக்காரர்கள் நாலு பேர் வருவார்கள், பிஸ்கட் சாப்பிட்டுப் போவார்கள். அன்று வசந்தாவின் தலைமையில் ஒரு கூட்டமே வந்து பின்வரிசைகளை நிரப்பியது. சிலர் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தார்கள். எஸ்தரின் அம்மா கடைசி நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலையில் பருத்தித் துணி சுற்றி, உட்கார்ந்தபடியே ஆங்கிலத்தில் பேசினாள் எஸ்தர். குரல் மெலிந்திருந்தது. புறத்தேர்வாளர் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னாள். அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று அவர் வழக்கப்படி கேட்டதும் வசந்தா எழுந்தார்.

"எங்களப் பத்தி ஏதோ சொன்ன. ஒண்ணும் புரியல, பின்னாடி காதுலயும் உழல. இன்னா சொன்ன மேடம்?"

சிலர் சிரித்தார்கள். புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சொல்லுங்கள், நானும் கேட்கிறேன்," என்றார். எஸ்தர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழு ஆய்வையும் அத்திப்பட்டுத் தமிழில் மறுபடி சொன்னாள். பின்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் நடுநடுவே "ஆமா", "கரெக்டு" என்றார்கள். இட்லியைப் பற்றிச் சொன்னபோது அவளுடைய அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு இன்னொரு பெண் கேட்டார்: "இதனால எங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

'கொள்கைப் பரிந்துரைகள்' என்று ஆய்வேட்டின் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"இப்போதைக்கு ஒண்ணும் கெடைக்காதுக்கா," என்றாள் எஸ்தர். "எனக்குப் பட்டம் கெடைக்கும். உங்களுக்குக் கெடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சும்மா இருந்தீங்கன்னு இனிமே எவனாவது எழுதினா, அது தப்புன்னு சொல்றதுக்கு இது இருக்கும்."

அந்தப் பெண், "சரி, நீ மொதல்ல உக்காரு. கால் நடுங்குது பாரு," என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகப் புறத்தேர்வாளர் அறிவித்தபோது, அந்தக் கைத்தட்டலுக்குப் பக்கத்துத் துறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு கொஞ்ச காலம் அவள் நன்றாகவே இருந்தாள். எங்கள் துறையிலேயே வகுப்பெடுத்தாள், சண்டை போட்டாள், புடவை வாங்கினாள். இந்த ஆண்டு நோய் திரும்பி வந்தது. இம்முறை மருந்துக்குக் கட்டுப்படவில்லை.

கடைசியாக அவளைப் பார்த்தபோது அவளிடம் படித்துக்கொண்டிருந்த நிரஞ்சனா என்ற மாணவியின் ஆய்வறிக்கையைப் பற்றித்தான் பேசினாள். மீஞ்சூர்ப் பக்கம் வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் மனைவிகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது பற்றியது. "கணக்கெல்லாம் தப்பா போட்டு வெச்சிக்கீறா," என்றாள் எஸ்தர், மூச்சு வாங்க. "தலைப்ப மாத்திக்கோன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீ சொல்லாத மேகலா. கணக்க யாரு வேணா சொல்லித் தரலாம். அந்தக் கேள்வி அவளுக்குத் தானா தோணிச்சி."

அடக்கத்துக்கு மறுநாள் நிரஞ்சனா என் அறைக்கு வந்தாள். தலைப்பை மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். எஸ்தர் எனக்கென்று விட்டுச் சென்றது இந்தப் பெண்ணைத்தான். வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். கேள்வி அப்படியே இருக்கிறது.