வட்டக்கானல் ரோட்டில் எங்கள் நடை

ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது என் இடது கை விழுந்துவிட்டது. கண்ணாடியைப் பிடித்திருந்த கை தானாகத் தாழ்ந்தது. கண்ணாடி தரையில் விழுந்து உடைந்த சத்தம் பக்கத்து வீட்டில் கேட்பது போல இருந்தது. என் மனைவி ஓடி வந்து, "என்னங்க, வாயி ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று சொன்னதாக நினைத்தேன். அவள் காதில் விழுந்தது வெறும் குழறலாம்.

மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். மதுரையில் ஒரு வாரம் படுத்திருந்தேன். பேச்சும் காலும் திரும்பி வந்தன. இடது கை பாதிதான் வந்தது. முப்பது வருஷம் கொடைக்கானலுக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டியவன் நான். கியர் போட்ட கை அது. இப்போது அதில் சூடான டம்ளரைக் கொடுத்தால் சூடு தெரியாது. தோல் சிவந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே வைப்பேன்.

உள்ளேயும் ஏதோ அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. வீடு திரும்பிய இரண்டாம் மாதம் திருப்பூரிலிருந்து மருமகன் போன் செய்தார். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. "பொண்ணு, மாமா" என்றார். "சரி" என்றேன். பேச்சு அதோடு நின்றுவிடக் கூடாதே என்று, "அங்க மழையா?" என்று கேட்டேன். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். நான் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை.

மதுரை டாக்டர் பெண். வயது குறைவு, குரல் கண்டிப்பு. "தினமும் நடங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். நடந்தாத்தான் மூளைக்கு ரத்த ஓட்டம் ஒழுங்கா போகும். வயசான காலத்துல ஞாபகம் தங்குறதுக்கும் அது நல்லது" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "தனியா விடாதீங்கம்மா, விழுந்துருவாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நடங்க" என்றார்.

பேசிக்கொண்டே என்பதுதான் எனக்குச் சிரமம். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டிலும் அந்தப் பலகை தொங்குவது போலத்தான் இருந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பாம்பார்புரத்தில். பனி சற்று விலகியதும் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு கிளம்புவோம். வட்டக்கானலுக்கு இறங்கும் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். இறங்குவது சுலபம், ஏறுவதற்கு மூச்சு வாங்கும். அவள் எனக்கு அரை அடி பின்னால் வருவாள். வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு இருபது வருஷம் இதே ரோட்டில் நடந்து போய் வந்தவள் அவள். முட்டி வலி என்று சொல்லி, எனக்குக் கை விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வேலையை விட்டிருந்தாள்.

ஆறு மாதம் அப்படி நடந்தோம். கால் உறுதிப்பட்டது. பெயர்கள் மறந்து திக்கிக்கொண்டிருந்தது குறைந்தது. மற்றபடி ஒரு பஸ்ஸைத் தினமும் எடுத்துப்போய் நிறுத்துகிற மாதிரிதான் உடம்பை எடுத்துப்போய் வந்தேன்.

ஒரு நாள் திரும்பும்போது களைப்பாக இருந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். "நீ முன்ன போயி வெந்நி போடு, நான் மெதுவா வாரேன்" என்றேன். அவள் தயங்கினாள். பிறகு போனாள். கால் மணி நேரம் கழித்து நான் ஏறிப் போனால், எங்கள் தெருவுக்கு ஏறும் பாதையும் ஊருக்குள் போகும் ரோடும் பிரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் இங்க நிக்கிற?"

"உங்களுக்காகத்தான். விழுந்து கிழுந்து வச்சிட்டீங்கன்னா?"

நம்பினேன். அடுத்த வாரமும் அதேபோல ஆயிற்று. அப்போதும் நம்பினேன். மூன்றாவது முறை சீக்கிரமே எழுந்து அவள் பின்னால் போனேன். வளைவு தாண்டியதும் பார்த்தேன். பிரிகிற இடத்தில் நின்று ஊர் ரோட்டில் பத்தடி நடந்தாள். திரும்பி வந்தாள். எங்கள் பாதையில் நாலு அடி வைத்தாள். அதிலிருந்தும் திரும்பி வந்தாள். சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

எனக்குத் துணையாக அவள் வருகிறாள் என்று நானும் நினைத்தேன், டாக்டரும் நினைத்தார். ஆறு மாதமாக அவள் என் குதிகாலைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அடுப்பைத் துடைத்தாள், மேடையைத் துடைத்தாள்.

"எத்தன நாளா இப்பிடி வழி மறக்குது?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். நீங்க கை விழுந்து கெடக்குறப்ப இதச் சொல்லிக்கிட்டு இருக்கவா?"

"வேலையை விட்டது?"

"முட்டி வலி இல்ல. ஒரு ரூமு சாவிய வேற ஆளு கையில குடுத்துட்டேன். உள்ள ஒரு பொம்பளப்புள்ள குளிச்சிக்கிட்டு இருந்திருக்கு. அன்னைக்கே இனிமே வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் அடுப்படி அலமாரியைச் சரியாகப் பார்த்தேன். பழைய எவர்சில்வர் டப்பாக்கள் ஒன்றுமில்லை. உப்பு, சீனி, பருப்பு, மிளகு எல்லாம் கண்ணாடிப் பாட்டில்களில் இருந்தன. மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஏதோ புது மோஸ்தர் என்று நான் விட்டிருந்தேன்.

என் கண் முன்னால் ஒரு வருஷமாக அவள் தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறாள். இதைக் கேட்டு நெஞ்சு பதற வேண்டும். சூடான டம்ளரைப் பிடித்த கை மாதிரியே இருந்தது. அவள்தான் அழுதாள். நான் எழுந்து போய் வெந்நீர் வைத்தேன்.

மறுபடி மதுரை. இந்த முறை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். டாக்டர் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிவிட்டுக் கேட்டபோது அவள் ஒன்றுதான் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அழகாகப் போட்டாள். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, தப்பு என்று தெரிந்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"மறதி நோயோட ஆரம்பம்" என்றார் டாக்டர். "மாத்திரை தாரேன். குணமாகும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நடையை மட்டும் நிறுத்திடாதீங்க. நடமாட்டம் நின்னுபோச்சுன்னா ஞாபகம் வெரசா போயிரும்."

"நான் இவருக்குத்தான நடந்தேன்" என்றாள் அவள்.

"இனிமே உங்களுக்கும் சேத்து நடங்க."

மகள் விஷயம் கேட்டு மறுநாளே குழந்தையோடு வந்து, இருவரையும் திருப்பூருக்குக் கூப்பிட்டாள். மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "அங்க எங்க நடக்குறது? வாசல்ல இறங்குனா வண்டி. இங்கன்னா தப்பிப் போனாலும் தெரிஞ்ச முகம் எதாச்சும் இருக்கும்." அவள் சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு நான் அவளை முன்னால் நடக்க விட்டேன். பிரிகிற இடம் வந்தால் சொல்ல மாட்டேன், அவள் எந்தப் பக்கம் போனாலும் பின்னால் போவேன். பாதி நாள் சரியாகப் போவாள். தப்பாகப் போனால் ஊருக்குள் கொஞ்ச தூரம் போய், ஏதாவது ஒரு கடையைப் பார்த்து நின்று, "ஏங்க, இது இல்லையே?" என்பாள். "இல்ல" என்பேன். திரும்புவோம். அன்றைக்குக் கூடுதல் நடை. மற்ற நேரமெல்லாம் பேசினேன். எந்த வளைவில் எந்த வருஷம் மரம் விழுந்தது, பண்ணைக்காட்டு வாழைத்தாரை யார் எந்த சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள் என்று வாயில் வந்ததையெல்லாம். சொன்னதையே சொன்னேன். அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஒரு நாள் பாலம் வந்தும் அவள் திரும்பவில்லை, இறங்கிக்கொண்டே போனாள். பழைய விடுதி வாசலில் போய்த்தான் நின்றாள். வேலைக்கு வருகிறவள் போலவே செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். விடுதிக்காரம்மா துவைத்துக் காயவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"நேரமாயிருச்சு, கோவிச்சுக்கிராதீங்க" என்றாள் என் மனைவி. "இவருகூட நடந்து வந்தேன், அதான்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அவர், "பரவாயில்ல, மடிங்க" என்று விரிப்பை நீட்டினார்.

அவள் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள். வலது கையில் ஒரு மூலை. இடது கையில் வைத்த மூலை நிற்கவில்லை, நழுவித் தரையில் விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது.

"ஒரு துணியப் பிடிக்கத் தெரியல. இந்தக் கையில என்ன கேடு உங்களுக்கு?" என்றாள் உரக்க.

விடுதிக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அந்த மூலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அப்படியே மடித்தோம். அவள் கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நடுவில் நீவி, கூடை நிறைய அடுக்கி வைத்தாள். கடைசி விரிப்பு முடிந்த பிறகும் அடுத்ததற்காக நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். கை விழுந்த பிறகு எனக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அன்றைக்குத்தான்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறோம். அவள் மடிக்கிறாள், அந்தம்மா டீ கொடுக்கிறார். போன மாதம் டாக்டர் மறுபடி மூன்று சொற்கள் கேட்டார். ஒன்று சொன்னாள். "கீழ இறங்கல, அதுவே பெரிசு" என்றார். அது நடையாலா, மாத்திரையாலா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மூன்று நாளாக மழை. வெளியே போக முடியாமல் அவள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு முறை வந்து என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். "நம்ம நடக்குறதப் பத்தி" என்றேன். "அதுல எழுத என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, வானத்தைப் பார்க்க வாசலுக்குப் போனாள்.